என்ஜின் ஆயிலும் ரப்பர் பாலும்

ஒரு முள் என்னை ஆறு மாதம் ஆட்டி வைத்தது. சுண்டுவிரல் நீளம்கூட இராது. காரின் ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடி மூடிய வட்டத்துக்குள் இருந்த ஆயில் பிரஷர் முள் அது. என்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்டும். சமதரையில் நிமிர்ந்து நிற்கும். மலை ஏறத் தொடங்கினால் தலை சாயும். மூன்றாவது வளைவில், அயனி மரத்தடிக்கு வரும்போது, அடியோடு விழுந்து கிடக்கும். இன்றைக்கும் எந்த வண்டியில் ஏறினாலும் என் கண் முதலில் அந்த முள்ளைத்தான் தேடுகிறது. இப்போதைய வண்டிகளில் முள்ளே இல்லை, ஒரு சிவப்பு விளக்குதான். அதையும் நான் நம்புவதில்லை.

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேருவதற்கு மூன்று வருஷம் முந்தின கதை இது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் கிளை பிரிந்து மேலே ஏறும் பாதையில் ஒரு ரப்பர் எஸ்டேட். அதன் மானேஜருடைய காருக்கு நான் டிரைவர். யுத்தம் முடிந்தபோது மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்ட ஆறு சிலிண்டர் வண்டி. ஆள் நல்ல ஆள்தான், வயசுதான் ஆகிவிட்டது. திருவனந்தபுரம் போய்த் திரும்பும் நாளெல்லாம் அந்த நாலு மைல் ஏற்றத்தில் மூன்று இடத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, அரை மணி நேரம் விசிறாத குறையாக நிற்க வேண்டும். பின் சீட்டில் மானேஜர் பேப்பரை நாலாவது தடவை வாசித்துக்கொண்டிருப்பார்.

வழியில் போகிற ஒவ்வொருவனும் ஒரு டாக்டர். "தண்ணி ஊத்தும் ஓய்" என்பான் ஒருவன். "தண்ணி ஊத்தலியா" என்பான் அடுத்தவன். அட, ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்து வரை நிற்கிறது, கொதிக்கவும் இல்லை. சூடானது தண்ணீர் இல்லை, ஆயில். ஏற்றத்தில் என்ஜின் முக்கி முக்கி இழுக்கும்போது ஆயில் கொதித்து ரசம் போல நீர்த்துவிடுகிறது. நீர்த்த ஆயிலுக்கு அழுத்தம் ஏது? அழுத்தம் இல்லாவிட்டால் பேரிங்குக்கு ஆயில் போகாது, இரும்பும் இரும்பும் உரசித் தீய்ந்துபோகும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள். பிறகு, "எதுக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்தும்" என்பார்கள். அப்படியே கழுத்தை நெரிக்கலாம் போலிருக்கும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அயனி மரத்தடியில் மானேஜர் பேப்பரை மடித்து வைத்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கோட்டயம் பக்கத்துக்காரர், எங்களோடு பேசிப் பேசி ஒரு மாதிரித் தமிழ் கைவந்திருந்தது.

"டிரைவர், ஓணம் கழிஞ்ஞு முதலாளி வரும். அவர் இருக்கும்போ வண்டி வழியில நின்னா, வண்டியும் போகும், நீயும் போகும். ஜீப் வரும். ஜீப்புக்குக் கோட்டயத்திலிருந்து ஆள் வரும். பின்னே என்கிட்ட சொல்லி பிரயோஜனம் இல்லை."

அவ்வளவுதான். பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

எனக்கு அந்த வேலை போனால் என்ன போகும் என்று அவருக்குத் தெரியாது. என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். நான் பிறந்தது எஸ்டேட் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில். ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் தூக்கம் போகும். அதிலிருந்து நான் வெளியே வந்தது ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான். டிரைவர் என்பதால் ஓடு போட்ட இரண்டு அறை வீடு தந்திருந்தார்கள், முற்றத்தில் ஒரு வாழைக்கு இடமும் இருந்தது. வேலை போனால் வீடு போகும். மறுபடி லயம்.

என் வீட்டுக்காரி ஷீட்டுப்புரையில் வேலை பார்த்தாள். ரப்பர் பாலை உறைய வைத்து, ரோலரில் கொடுத்து, பாய் மாதிரி ஷீட்டாக அடித்துப் புகை போடுகிற கொட்டகைக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். அங்கே ஒரு சட்டம் உண்டு. கையில் எண்ணெய் இருக்கக் கூடாது. வாசலில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர், பக்கத்தில் சிரட்டையில் சாம்பல். தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கங்காணி நின்று ஒவ்வொருத்தர் கையையும் மோந்து பார்ப்பார். எண்ணெய்க் கை ஷீட்டில் பட்டால் அந்த இடம் பிசுபிசுத்து, எத்தனை நாள் புகை போட்டாலும் உலராமல் கறுத்து நிற்கும், தரம் பிரிக்கிறவர் அதை அப்படியே கழித்துத் தள்ளிவிடுவார். அதனால் அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தலைக்கு எண்ணெய் வைப்பாள். என் காக்கிச் சட்டையைக் காலையில் தொடவே மாட்டாள். துடைக்க எனக்குத் தனித் துவர்த்து, துணி காயப்போடத் தனிக் கொடி. சொந்த வீட்டில் என்னைத் தீண்டக் கூடாதவன் மாதிரி வைத்திருக்கிறாளே என்று எனக்குச் சில நாள் எரிச்சல்கூட வரும்.

திருவனந்தபுரத்தில் ஒரு பட்டறைக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார், பெரிய மிலிட்டரி லாரிகளில் ஆயிலை ஆற்றுவதற்கென்றே தனியாக ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும் என்று. அது எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். குலசேகரம் சந்தைக்குப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில்தான் அந்தச் செம்புச் சுருள் என் கண்ணில் பட்டது. புல்தைலம் காய்ச்சுகிற கலத்தில் ஆவியைக் குளிர வைக்கிற சுருள். முறுக்குப் பிழிந்த மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது. ஆவியைக் குளிர வைப்பது ஆயிலைக் குளிர வைக்காதா? கடையில் நின்ற நிலையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படி ஒரு நிமிஷத்தில் விளங்குகிற விஷயங்களைக் கண்டால் இப்போது எனக்குப் பயம்.

ஏற்பாடு இதுதான். பம்ப் தள்ளிவிடும் ஆயிலில் ஒரு பங்கை என்ஜின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் வழியாக வெளியே எடுப்பது. ரேடியேட்டருக்கு முன்னால் காற்று மோதுகிற இடத்தில் சுருளைக் கட்டி, ஆயிலை அதற்குள் சுற்றவிடுவது. ஆறின ஆயிலை இன்னொரு குழாய் வழியாக அடியிலிருக்கும் ஆயில் தொட்டிக்கே திருப்பி அனுப்புவது. தக்கலையில் செம்புப் பாத்திரம் அடிக்கிற ஒருவரிடம் பற்றவைத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுப் பகல் மல்லாந்து கிடந்து மாட்டினேன்.

இரண்டாவது வளைவுகூடத் தாண்டவில்லை. என்ஜின் ஆடும், சுருள் சட்டத்தில் கட்டியது, ஆடாது. நடுவில் விறைப்பான செம்புக் குழாய் எத்தனை நேரம்தான் தாங்கும்? பற்றவைத்த இடத்தில் பிளந்து, கொதிக்கிற ஆயில் ரோடு முழுக்கக் கொட்டியது. அடியில் படுத்துப் பார்க்கப் போன என் முழங்கையிலும் கொட்டியது. வழியில் வந்த ஒருவன் நின்று பார்த்தான். "தண்ணி ஊத்தலியா" என்றான். நான் அவனிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆயில் எவ்வளவு சூடாகிறது என்று அளந்து பார்த்துவிட வேண்டும் என்று அடுத்து ஒரு புத்தி போயிற்று. எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் எனக்குக் கூட்டாளி. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயைக் கடன் கேட்டு வாங்கி, சிரட்டையில் சூடான ஆயிலைப் பிடித்து, அதில் முக்கினேன். டப்பென்று ஒரு சத்தம். பாதரசம் சிரட்டைக்குள் உருண்டு ஓடியது. கம்பவுண்டர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஒரு மாதம் என்னைக் கண்டவனெல்லாம், "என்ன டிரைவரே, காருக்குக் காய்ச்சல் எறங்கிச்சா? ரெண்டு வேளைக்கு மிக்சர் தரட்டா?" என்று கேட்டான். ஷீட்டுப்புரைப் பெண்கள்கூடக் கேட்டார்கள். என் வீட்டுக்காரி மட்டும் கேட்கவில்லை. அவள் என் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

வேண்டியது விறைப்பில்லாத குழாய், ஆட்டத்துக்கு ஆடிக் கொடுக்கிற குழாய். திருவனந்தபுரத்தில் கேட்டால் இல்லை, நாகர்கோவிலில் கேட்டால் இல்லை. ஓணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. மண்டை காய்ந்து ஒருநாள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது, கொடியில் தொங்கிய என் மழைச் சட்டையைப் பார்த்தேன். அது சாதாரண முரட்டுத் துணிதான். ரப்பர் பாலில் முக்கிக் காய வைத்தது. எங்கள் எஸ்டேட்டில் எதற்கும் ரப்பர் பால்தான் மருந்து. ஓட்டை வாளிக்கு ரப்பர் பால், கிழிந்த செருப்புக்கு ரப்பர் பால், ஒழுகுகிற கூரைக்கும் சாக்கில் முக்கின ரப்பர் பால். நாலு பக்கமும் ரப்பர் மரத்தை வைத்துக்கொண்டு குழாய்க்கு ஊர் ஊராக அலைந்தேனே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு தூக்கு நிறைய ரப்பர் பால் கொண்டு வந்தாள். நான் பழைய வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருந்தேன். துண்டைப் பாலில் முக்கி, ஒரு இரும்புக் கம்பியில் பந்தம் சுற்றுகிற மாதிரி, அடுக்கு அடுக்காகச் சுற்ற வேண்டும். காய்ந்ததும் கம்பியை உருவினால் குழாய். அவள் துணியின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இது எதுக்கு?"

"ஆயில் போறதுக்கு. என்ஜினுக்கும் சுருளுக்கும் நடுவுல."

அவள் துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கி இழுத்துப் பிடித்தாள்.

"இஞ்ச பாருங்க, எண்ணெ பட்டா ரப்பர் கெட்டுப்போவும்லா. அதுவும் சூடான எண்ணெ."

"ஏட்டி, அது ஒனக்க தலையில வைக்க தேங்கா எண்ணெ. இது என்ஜின் ஆயில். ரெண்டும் ஒண்ணா?"

"எண்ணெ எண்ணெதானே."

"நீ ஷீட்டு அடிச்சாப் போரும். வண்டிய நான் பாத்துக்கிடுவேன். எனக்குப் படிப்பிச்சுத் தராண்டாம்."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் எழுந்து போகவில்லை. நான் சுற்றிய அடுக்கு கோணலாக இருந்தது, அதை அவிழ்த்து அவளே திரும்பச் சுற்றினாள். ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு காற்றுக் கொப்புளம் இல்லாமல், அவ்வளவு நேர்த்தி. இரண்டு குழாய்களையும் கங்காணியிடம் சொல்லிப் புகைப்புரையில் ஆறு நாள் தொங்கவிட்டு, தேன் நிறத்தில் கொண்டு வந்து தந்தாள். வளைத்தால் வளைந்தது, இழுத்தால் இழுபட்டது, விட்டால் பழைய இடத்துக்குப் போனது.

மாட்டிக்கொண்டு வண்டியை ஏற்றினேன். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. அயனி மரம். முள் அசையவில்லை. அயனி மரத்தைத் தாண்டி வண்டியை நிறுத்தி, இறங்கி, சுருளைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே போகிற முனையில் விரல் வைக்க முடியவில்லை. வெளியே வருகிற முனையை ஐந்து எண்ணும் வரை பிடிக்க முடிந்தது. நான் தனியாக நின்று சிரித்தேன். அந்த ஆறு மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒருநாள்தான்.

ஆனாலும் அந்தச் சவத்து வண்டி என்னை நிம்மதியாக விடவில்லை. காலையில் மஞ்சு இறங்கிக் கிடக்கும்போது வண்டியை எடுத்தால் இப்போது ஆயில் அதிகமாகக் குளிர்ந்து, சர்க்கரைப் பாகு போலக் கெட்டியாகி, என்ஜின் முனகியது. சூடானாலும் குற்றம், குளிர்ந்தாலும் குற்றம். பிஸ்கட் தகரத்தை வெட்டிச் சுருளுக்கு முன்னால் ஒரு கதவு வைத்தேன். பழைய சைக்கிள் பிரேக் கம்பியை அதில் மாட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டு வந்தேன். குளிரில் கம்பியை விட்டால் கதவு மூடும், ஏற்றத்தில் இழுத்தால் திறக்கும். முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கம்பியை இழுத்துப் பழகினேன். கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, "கொள்ளாம் ஓய், காருக்கு ஜன்னலும் வச்சாச்சா" என்றார். அன்று அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

நாலைந்து தடவை ஏறி இறங்கியதும் குழாய்கள் கொஞ்சம் தடித்திருந்ததைக் கண்டேன். என் கண்ணால் கண்டேன். தொட்டால் கையில் ஒட்டியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சூட்டில் நன்றாக ஊறிச் செம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இனி ஒழுகவே ஒழுகாது என்று நினைத்தேன். துணியால் துடைத்துவிட்டுப் பானெட்டை மூடினேன். அவளிடம் போய், "பாத்தியா, ஒரு சொட்டு ஒழுகல்ல" என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன். அவள், "நல்லதாப் போச்சு" என்றாள்.

ஓணம் கழிந்து முதலாளி வந்தார். திருவனந்தபுரம் ரயிலடியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். பின் சீட்டில் முதலாளியும் மானேஜரும். வெயில் நல்ல வெயில். மார்த்தாண்டம் தாண்டி, குலசேகரம் தாண்டி, ஏற்றம் தொடங்கியதும் கம்பியை இழுத்துத் தகரக் கதவைத் திறந்தேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, அயனி மரம். முள் நின்ற இடத்தில் நின்றது. பின்னாலிருந்து மானேஜர் என் தோளை இரண்டு விரலால் தட்டினார். முதலாளிக்கு அது ஒன்றும் விளங்கியிருக்காது. எனக்கு வீட்டு முற்றத்து வாழை கண்ணில் வந்தது.

இன்னும் ஒரு மைல் இருக்கும்போது முள் சாய்ந்தது. கம்பியை இன்னும் இழுத்தேன், கதவு முழுக்கத் திறந்துதான் இருந்தது. முள் மெல்ல மெல்லப் படுத்தது. அப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்ப வேண்டும். எந்தப் புது டிரைவருக்கும் தெரியும். ஆறு மாதமாக அயனி மரத்தடியில் நான் செய்ததும் அதுதான். நான் நிறுத்தவில்லை. நின்றால் வண்டியும் போகும், நானும் போவேன் என்று சொல்லியிருக்கிறார்களே. ஒரு மைல்தானே, ஒரு மைல்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். என்ஜினுக்குள்ளே டொக் டொக்கென்று யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. "என்ன சத்தம்?" என்றார் முதலாளி. "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

ஷீட்டுப்புரைக்கு நேர் எதிரே, எல்லாப் பெண்களும் முதலாளியைப் பார்க்க வாசலில் வந்து நின்ற இடத்தில், என்ஜின் ஒரு தடவை அலறிவிட்டு இறுகி நின்றது. அதன்பிறகு அது சுற்றவே இல்லை.

முதலாளியும் மானேஜரும் பங்களா வரை நடந்து போனார்கள். நான் மறுநாள் அடியில் படுத்து ஆயில் தொட்டியைக் கழற்றினேன். பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற இடத்தில் ஒரு சல்லடை இருக்கும். அது இருந்த இடமே தெரியவில்லை. கறுத்த கூழாக ரப்பர் அப்பிப் போய்க் கிடந்தது. குழாய்களைப் பிடித்து அமுக்கினேன். விரல் உள்ளே போயிற்று. வெளிப்புறம் மட்டும்தான் குழாய், உள்பக்கம் முழுக்கச் சூட்டு ஆயிலில் கரைந்து, துண்டு துண்டாகப் பிய்ந்து, ஆயிலோடு இறங்கிப் போயிருந்தது. ஒரு துளி வெளியே ஒழுகவில்லை என்று பெருமைப்பட்டேனே, எல்லாம் உள்ளேதான் போயிருந்தது. வண்டிக்கடியில் அப்படியே மல்லாந்து கிடந்தேன். வெளியே வரவே பிடிக்கவில்லை.

மானேஜர் அப்போதும் கத்தவில்லை. பத்தே நாளில் ஜீப் வந்தது, கோட்டயத்திலிருந்து ஒரு பையன் டிரைவராக வந்தான். என்னை ஒரேயடியாகத் துரத்திவிடாமல், ஷீட்டுப்புரையில் ரோலர் சுற்ற ஆள் வேண்டும் என்று அங்கே போட்டார்கள். அது அவர் செய்த உபகாரம் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் லயத்துக்குப் பெட்டி தூக்கினோம்.

அந்தப் பத்து நாளும் நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலைத்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சண்டை போட்டு, ஆறியிருப்பேன். அவள் சொல்லவே இல்லை. பாத்திரத்தைக் கட்டினாள், பாயைச் சுருட்டினாள், வாழைக் கன்று ஒன்றைப் பறித்துச் சாக்கில் வைத்தாள். கொடியிலிருந்து என் காக்கிச் சட்டையை எடுத்து, மடித்து, பெட்டியின் அடியில் வைத்தாள்.

முதல் நாள் காலையில் அவள் பின்னாலேயே ஷீட்டுப்புரைக்குப் போனேன். தொட்டியில் கழுவிவிட்டுக் கையை நீட்டினேன். கங்காணி மோந்து பார்த்தார், போதாது என்று தலையாட்டினார். திரும்பப் போய்க் கழுவினேன். மறுபடி மோந்து பார்த்தார், மறுபடி தலையாட்டினார். எட்டு வருஷத்து ஆயில் ரெண்டு தண்ணீரில் போகுமா? நகக்கண் எல்லாம் கறுப்பு. பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் என் வீட்டுக்காரி வந்து, என் கையைப் பிடித்து இழுத்து, சாம்பலை அள்ளி ஒவ்வொரு விரலாகத் தேய்க்கத் தொடங்கினாள்.

கங்காணி நல்ல மனுஷர். புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னார்.

"கோவிச்சுக்கிடாண்டாம் டிரைவரே. எண்ணெ பட்டா ரப்பர் கெட்டுப்போவும், அதாக்கும் காரியம்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் தேய்ப்பதை நிறுத்தாமல் எனக்காகப் பதில் சொன்னாள்.

"அவ்வியளுக்குத் தெரியும் அண்ணே."

அப்புறம் தண்ணீர் ஊற்றினாள். கையைப் பார்த்துவிட்டு, இன்னொரு பிடி சாம்பலை எடுத்தாள்.